ஃபோர்க்கை மேலே ஏற்றியதிலிருந்து ஹேண்டில்பார் ஆடுகிறது. ஃபோர்க்கை ஏன் சாய்த்து, தள்ளி வைக்கிறார்கள்?

சாத்தூரான்:

வணக்கம். என்னுடையது 2011 மாடல் 150 சிசி வண்டி. 68,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வீடு சாத்தூர், வேலை கோவில்பட்டியில். தினமும் நாலுவழிச்சாலையில்தான் போக வர.

போன தீபாவளி போனஸ் வந்த கையோடு ஓர் ஆக்சஸரீஸ் கடையில் போய் விழுந்தேன். பின்னால் கொஞ்சம் நீளமான ஷாக் அப்சார்பர் போட்டார்கள். “முன்னாடி இறக்கினாத்தான் ரேஸ் லுக் வரும்” என்று சொல்லி, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பைப் இரண்டையும் டி-யில் (அவற்றை மேலே இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில்) 25 மி.மீ. மேலே ஏற்றி இறுக்கிவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஊருக்குள் ஹேண்டில் பஞ்சு மாதிரி திரும்பியது. சந்தோஷப்பட்டேன்.

பிரச்சினை 70-க்கு மேலே போகும்போதுதான். ஹேண்டில்பார் இடமும் வலமும் படபடவென்று ஆடுகிறது. போன வாரம் ஒரு டேங்கர் லாரி என்னைத் தாண்டிப் போனபோது, அந்தக் காற்றில் ஆடிய ஆட்டத்துக்கு, ஓரங்கட்டி நிறுத்தி ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். இது பிரச்சினைக்குச் சம்பந்தமா என்று தெரியவில்லை. ஃபோர்க் பைப்புகள் ஹேண்டில் திரும்பும் அச்சுக்கு நேராக இல்லை. இரண்டு விரல் அளவுக்கு முன்னால் தள்ளி இருக்கின்றன. ஏற்கெனவே சாய்த்து வைத்திருக்கிறார்கள், அப்புறம் எதற்கு முன்னால் வேறு தள்ள வேண்டும்? மெக்கானிக்கிடம் கேட்டேன். “அது கம்பெனி செட்டிங் தம்பி” என்றார். அது எனக்கும் தெரியும்.

பைபாஸ்பறவை:

டயர் காற்றைப் பாருங்க முதலில். முன்னால் 25, பின்னால் 28 இருக்கணும். எனக்கும் இப்படித்தான் ஆடியது, முன் டயர் மாற்றியதும் நின்றுவிட்டது. அப்படியும் நிற்கவில்லை என்றால் ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

லேத்துக்காரர்:

தம்பி, டாம்பரை இப்போதைக்கு வாங்காதீர்கள். காய்ச்சல் ஏன் வந்தது என்று தெரியாமல் ஈரத்துணி போடுகிற வேலை அது. காற்றைப் பார்க்கச் சொன்னது சரி, அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனி டூல்ரூமில் 19 வருஷம் இருந்தவன். இப்போது சொந்தமாக ஒரு லேத் போட்டிருக்கிறேன். விபத்தில் வளைந்த ஃபோர்க் பைப் பார்ப்பது வாரத்துக்கு இரண்டாவது வரும். அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் கேள்விக்குப் பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

ஆபீஸ் சுழல் நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள். அடியில் இருக்கும் குட்டிச் சக்கரம் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும், தள்ளியதும் சுற்றிக்கொண்டு ஊசிக்குப் பின்னால் வந்துவிடும். சக்கரம் தரையைத் தொடும் இடம், அது திரும்பும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வருவதுதான் காரணம். இதே வேலைதான் உங்கள் முன் சக்கரத்திலும் நடக்கிறது. ஹேண்டில் திரும்பும் அச்சை அப்படியே கோடு இழுத்துக் கீழே கொண்டுவந்தால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் முட்டும். அந்த இரண்டு புள்ளிக்கும் இடையில் உள்ள தூரத்துக்குத்தான் ட்ரெயில் என்று பெயர். சாதாரண பைக்கில் இது ஏறக்குறைய 80 முதல் 120 மி.மீ. வரை இருக்கும். சக்கரம் தன்னை நேராக்கிக்கொள்ளும் பலம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகிறது.

சரி, இந்த ட்ரெயில் எங்கிருந்து வருகிறது? சாய்விலிருந்து. உங்கள் மாதிரி வண்டியில் கழுத்து, அதாவது ஹேண்டில் திரும்பும் குழாய், செங்குத்துக் கோட்டிலிருந்து 26 டிகிரி அளவில் சாய்ந்திருக்கும். ரேஸ் பைக் என்றால் 23, 24. குரூசர் வண்டிகளில் 30-ஐத் தாண்டும். சாய்வு கூடினால் ட்ரெயில் கூடும். சாய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரத்துக்கு விழும் அடி மேல்நோக்கி மட்டும் வராது, பின்நோக்கியும் வரும். சாய்ந்த ஃபோர்க் அந்த அடியோடு சேர்ந்து அமுங்கிக்கொடுக்கும்.

இப்போது அந்த இரண்டு விரல் தூரம். அதற்கு ஆஃப்செட் என்று பெயர். பத்தில் எட்டு பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சக்கரத்தை முன்னால் தள்ளினால் ட்ரெயில் கூடும் என்றுதான் மனசு சொல்லும். உண்மையில் குறையும். அச்சு தரையைத் தொடும் புள்ளி அசையாமல் இருக்க, டயர் தொடும் இடம் மட்டும் அதை நோக்கி முன்னால் நகர்கிறது அல்லவா, அதனால். சக்கரத்தின் ஆரம் 300 மி.மீ., சாய்வு 26 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஆஃப்செட் இல்லாமல் செய்தால் ட்ரெயில் 146 மி.மீ. வரும். நேரே போக நன்றாக இருக்கும், ஆனால் தெருமுனையில் யூ-டர்ன் போட மாட்டை மல்லுக்கட்டித் திருப்புகிற மாதிரி ஆகிவிடும். ஆஃப்செட் 40 மி.மீ. வைத்தால் ட்ரெயில் 102-க்கு இறங்குகிறது. ஆக, சாய்வு அள்ளிக் கொடுப்பதில் ஆஃப்செட் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பைப் முன்னால் இருப்பதால் ஹேண்டிலை ஒடிக்கும்போது டேங்கில் இடிக்காமல் இருக்கவும் இடம் கிடைக்கிறது. சில வண்டிகளில் டி-யில் பாதியும், அடியில் அக்சிலை பைப்புக்கு முன்னால் பொருத்துவதில் மீதியும் வைப்பார்கள். கணக்கு ஒன்றுதான்.

இனி உங்கள் ரேஸ் லுக்குக்கு வருகிறேன். பைப்பை 25 மி.மீ. ஏற்றினீர்கள், முன்பக்கம் ஏறக்குறைய 22 இறங்கியது. பின்பக்கம் ஷாக்கால் ஒரு 25 உயர்ந்திருக்கும் என்று வைக்கிறேன். மொத்தம் 47. இரண்டு சக்கரத்துக்கும் இடையே 1320 மி.மீ. இருந்தால், வண்டி மொத்தமாக இரண்டு டிகிரி முன்னால் கவிழ்ந்திருக்கிறது. சாய்வு 26 இருந்த இடத்தில் 24. ட்ரெயில் 102 இருந்த இடத்தில் 90. ஊருக்குள் பஞ்சு மாதிரி திரும்பியது இதனால்தான். இதோடு முன் பிரேக்கை அழுத்தி ஃபோர்க் 60 மி.மீ. அமுங்கினால் சாய்வு இன்னும் இரண்டு டிகிரிக்கு மேல் குறையும், ட்ரெயில் 76-க்கு வந்து நிற்கும். பழைய நிலையில் அதே பிரேக் பிடித்தால் 88 இருந்திருக்கும்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். 90 மி.மீ. ஒன்றும் கொல்லும் அளவு இல்லை. அதே அளவில் கம்பெனியிலிருந்தே வரும் வண்டிகள் நல்லபடியாக ஓடுகின்றன. 68,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் எனக்குச் சந்தேகம் கோன் செட் மேல்தான், அதாவது கழுத்துக்குள் ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் மேல். முன்பு ட்ரெயில் அதிகமாக இருந்ததால் அதன் கோளாறு வெளியே தெரியாமல் இருந்திருக்கும். இப்போது அந்த மறைப்பு போய்விட்டது.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை உட்காரவைத்து முன் சக்கரத்தைத் தூக்கச் சொல்லுங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக் என்று கழுத்தில் கேட்டால் லூஸ். அப்புறம் ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாக இடமிருந்து வலம் கொண்டுபோங்கள். நேராக வரும் இடத்தில் ‘டொக்’ என்று உட்கார்ந்தால், பால் ரேஸில் (பேரிங் குண்டுகள் உருளும் வளையத்தில்) குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ட்ரெயிலையும் நீங்களே அளக்கலாம். கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்று, நேரான அலுமினியப் பட்டை ஒன்று போதும். சமதளத்தில் வண்டியை நிமிர்த்திப் பிடித்து, மேலே ஓர் ஆளை உட்காரவையுங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு அளந்தால் தப்பாக வரும். பட்டையைக் கழுத்துக்குழாயின் நடுக்கோட்டுக்குப் பக்கவாட்டில் இணையாகப் பிடித்து, தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். அக்சில் நடுவிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி இன்னொரு குறி. இடையில் உள்ளதை டேப் வைத்து அளங்கள்.

இயற்பியல்வாத்தியார்:

லேத்துக்காரர் ஐயா சொல்வது நல்ல விளக்கம்தான். ஆனால் வண்டியை நிமிர்த்தி வைப்பதே சக்கரம் சுழல்வதால் வரும் ஜைரோ விளைவு இல்லையா? பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அப்படித்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

லேத்துக்காரர்:

வாத்தியாரே, அதுவும் ஒரு கை கொடுக்கிறது. அது மட்டும்தான் என்று சொல்வதில்தான் தகராறு. 2011-ல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து ஒரு விசித்திரமான சைக்கிள் செய்து காட்டினார்கள். எதிர்ப்பக்கம் சுற்றும் சக்கரங்களை வைத்து ஜைரோவைச் சுழியாக்கிவிட்டார்கள். சக்கரம் தரையைத் தொடும் இடத்தையும் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தார்கள், அதாவது ட்ரெயில் சுழிக்கும் கீழே. ஆளில்லாமல் தள்ளிவிட்டாலும் அது விழாமல் போனது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஆகவே நான் ட்ரெயில்தான் எல்லாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஸ்பேனரால் மாற்றக்கூடியது அதுதான், நம் தம்பி மாற்றியதும் அதைத்தான்.

பால்கேன்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் தாத்தா கோபி பக்கம் ராஜ்தூத் 175-ல் பால் ஊற்றியவர். இரண்டு பக்கமும் கேன் கட்டி வாய்க்கால் மேட்டில் போவார். அந்த வண்டி இன்னும் தொழுவத்தில் நிற்கிறது. அதன் முன்பக்கம் இப்போது உள்ள மாதிரி பைப்புக்குள் பைப் இல்லை. பின் சக்கரத்துக்கு இருப்பது போல ஒரு ஆர்ம், இரண்டு தனி ஷாக். அது இதைவிட மட்டமா, நல்லதா? ஏன் விட்டுவிட்டார்கள்?

லேத்துக்காரர்:

அந்த வண்டியை விற்றுவிடாதீர்கள்.

ராஜ்தூத் 175 போலந்து நாட்டு எஸ்.ஹெச்.எல். எம்11 வண்டியின் வழிவந்தது, இங்கே எஸ்கார்ட்ஸ் செய்தது. முன்னால் இருப்பது லீடிங் லிங்க். சக்கரத்துக்குப் பின்னால் ஆர்முக்குக் கீல், சக்கரம் ஆர்மின் முன் நுனியில். எர்ல்ஸ் ஃபோர்க் என்று சொல்வதும் இந்தச் சாதிதான். எர்னி எர்ல்ஸ் என்ற ஆங்கிலேயர் பெயரால் வந்தது. இதன் அழகு என்னவென்றால், பிரேக் பிடித்தால் மூக்கு குனியாது. பிரேக் பிளேட் ஆர்மிலேயே பூட்டியிருந்தால், அழுத்திப் பிடிக்கும்போது முன்பக்கம் லேசாக எழும்பக்கூடச் செய்யும். சேத்தக் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு நேர் எதிர் அனுபவம் இருக்கும். அதில் சக்கரம் கீலுக்குப் பின்னால் இருப்பதால் முன் பிரேக்கைத் தொட்டாலே குப்புற விழப் போகிற மாதிரி குனியும். பக்கவாட்டில் உறுதியாக நிற்பதும் இதன் இன்னொரு குணம். பால் கேனோடு தாத்தா மேட்டில் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மீதி தாத்தாவின் கை.

இந்த விஷயத்தில் பி.எம்.டபிள்யூ. கதைதான் வேடிக்கை. 1935-லேயே ஆர்12 வண்டியில் டெலஸ்கோப்பிக் ஃபோர்க், அதாவது பைப்புக்குள் பைப் வழுக்கி, எண்ணெயால் துள்ளலை அடக்கும் ஃபோர்க் போட்டு முன்னோடி ஆனார்கள். 1955-ல் அதை விட்டுவிட்டு எர்ல்ஸுக்குப் போனார்கள். 1969-ல் திரும்பவும் டெலஸ்கோப்பிக். 1993-ல் ஆர்1100ஆர்எஸ் வண்டியில் டெலிலீவர் என்று பைப்பையும் ஆர்மையும் கலந்து ஒன்று. பிரேக் பிடித்தால் குனிவதைக் குறைக்கத்தான் அதுவும். அவர்களுடைய எர்ல்ஸில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஆர்மின் கீல் போல்ட்டுக்கு இரண்டு துளை வைத்திருந்தார்கள். தனி வண்டிக்கு ஒன்று, சைடுகார் மாட்டினால் இன்னொன்று. சைடுகார் வண்டி சாய்ந்து திரும்பாது, கையால் இழுத்துத் திருப்ப வேண்டும். அதனால் ட்ரெயில் குறைவாக வேண்டும். ஒரு போல்ட்டைக் கழற்றி மாற்றினால் ட்ரெயில் மாறிவிடும். எவ்வளவு சுளுவான யோசனை பாருங்கள்.

ஏன் விட்டார்கள் என்றால், எடையும் விலையும். ஆர்ம், கீல், தனி ஷாக் எல்லாம் சேர்ந்து கழுத்தைச் சுற்றித் திரும்ப வேண்டிய கனம் கூடிவிடுகிறது, ஹேண்டில் மந்தமாகிறது. டெலஸ்கோப்பிக்கில் ஸ்பிரிங், எண்ணெய், சக்கரத்தைப் பிடிக்கும் கை மூன்றும் ஒரே பைப்புக்குள் முடிந்துவிடுகிறது. நான் தொழில்முறையில் அதை மெச்சுகிறேன், காதலிக்கவில்லை. சாய்ந்த பைப்பைப் பின்னால் வளைக்கப் பார்க்கிறது ரோட்டின் அடி, அதே நேரத்தில் அது உள்ளே வழுக்கவும் வேண்டும். எனவே பிடித்துப் பிடித்துத்தான் வழுக்கும். நிறைய பேர் அதன் எண்ணெயையும் மாற்றுவதில்லை. மாற்றினால் கறுப்புக் கஞ்சி மாதிரி வரும்.

சாத்தூரான்:

அண்ணே, அளந்துவிட்டேன். மொட்டைமாடியில் வைத்துத்தான். தூக்குக்குண்டு பக்கத்து வீட்டு கொத்தனாரிடம் வாங்கினேன், “வண்டிக்குச் சுவர் கட்டப் போறியா” என்று கேட்டார். மூன்று தடவை அளந்ததில் 86, 91, 88. நீங்கள் சொன்ன 90-க்குப் பக்கத்தில் வந்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

டக் டக் சத்தம் இல்லை. ஆனால் ஒரே விரலால் திருப்பியபோது நேர்கோட்டில் வந்து டொக்கென்று உட்கார்ந்தது. மெக்கானிக் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேல் பக்க ரேஸ் பரவாயில்லை. கீழ் ரேஸைத் துடைத்துக் கையில் கொடுத்தார். முன்பக்கமும் பின்பக்கமும், ஈர மாவில் உளுந்தை அமுக்கி எடுத்த மாதிரி வரிசையாகக் குழி. நகத்தை வைத்து இழுத்தால் நகம் நின்று நின்று போகிறது. கிரீஸ் காய்ந்து செங்கல்பொடி நிறத்தில் இருந்தது. பக்கவாட்டில் குழியே இல்லை, அது ஏன்?

புது கோன் செட் போட்டாயிற்று. பைப்பையும் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டேன். பின் ஷாக்கை இன்னும் மாற்றவில்லை, காசு வந்ததும் மாற்ற வேண்டும். நேற்று இரவு 85 வரை போனேன், ஆட்டம் இல்லை. ஆனால் புதிதாக ஒன்று. நேராகப் போகும்போது ஹேண்டில்பார் இடது பக்கம் லேசாகத் திரும்பி நிற்கிறது. பைப் வளைந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

லேத்துக்காரர்:

பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் அடி முன்னும் பின்னும்தான் வருகிறது. பெரும்பாலும் நேராகவே போகிறோம், பால்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடி வாங்குகின்றன. பக்கவாட்டில் குழி இல்லாததற்கு அதுதான் காரணம். நாம் நேராகப் போகும்போதுகூட ஹேண்டில் நமக்குத் தெரியாமல் இம்மி இம்மியாக இடமும் வலமும் அசைந்துதான் வண்டியை நிமிர்த்துகிறது. குழியில் பால் மாட்டினால் அந்த அசைவு தடைபட்டு, அப்புறம் துள்ளிக்கொண்டு வரும்.

பைப் வளைந்திருக்காது. நேற்றுவரை நேராக இருந்தது கழற்றி மாட்டியதில் வளையாது. டி-க்குள் இரண்டு பைப்பும் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டு இருக்கும். முன்னால் போய் நின்று, சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் இடையில் இறுக்கிப் பிடியுங்கள். அக்சில் நட், டி-யின் கீழ் கிளாம்ப் போல்ட், டாப் பிளேட் போல்ட் மூன்றையும் லேசாகத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். ஹேண்டில்பாரைப் பிடித்து வலப்பக்கம் ஒரு தட்டுத் தட்டினால் நேராகிவிடும். முதலில் அக்சிலை இறுக்குங்கள். அப்புறம் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை நாலைந்து தடவை அமுக்கி அமுக்கி விடுங்கள், பைப்புகள் தாமாகவே இணையாக உட்காரும். அதற்குப் பிறகு கீழ் கிளாம்ப், கடைசியில் டாப் பிளேட். இந்த வரிசையை மாற்றினால் திரும்பவும் முறுக்கிக்கொள்ளும். அப்படியும் நேராகவில்லை என்றால்தான் பைப்பைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்க்க வேண்டும்.

பின் ஷாக்கை நிதானமாக மாற்றுங்கள், அவசரம் இல்லை. ஆனால் 500 கிலோமீட்டர் ஓடியதும் கோன் நட்டை ஒரு தடவை பாருங்கள். புது ரேஸ் உட்கார்ந்து கொஞ்சம் லூஸ் விடும். இறுக்கும்போது, முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் ஹேண்டில் தானாகவே ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து விழ வேண்டும். விழாமல் நின்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள், கால் சுற்று விடுங்கள்.